பின்னால் பன்னிரண்டு அடி வெட்டு, முன்னால் ஒன்பது படி: மலைநாட்டு ஓய்வுகால வீடு ஒன்றின் ஆய்வு

காணி 20 பேர்ச்சஸ். அகலம் 60 அடி, ஆழம் ஏறக்குறைய 90 அடி. வீதி கீழே, காணி மேலே. முன்னெல்லையிலிருந்து பின்னெல்லைக்குப் போவதற்குள் 27 அடி ஏறிவிடும், அதாவது பத்தடிக்கு மூன்றடி ஏற்றம். இலங்கை மலைநாட்டில் பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடைப்பட்ட பகுதி. முன்பு தேயிலை நின்ற நிலம், பின்னர் துண்டு போட்டு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் தோட்ட மருந்தகத்தில் வேலை செய்த அவர் மனைவியும். பிள்ளைகள் வெளியூரில். கட்ட நினைத்தது மாடியில்லாத ஒரு வீடு: 35 அடிக்கு 30 அடி, 1,050 சதுர அடி, இரண்டு படுக்கையறை, பின்பக்கம் சமையலறை, முன்பக்கம் இஸ்தோப்பு (விறாந்தை).

ஒரே வீட்டின் விபரமாக எழுதியிருந்தாலும், இதிலுள்ள பிழைகள் மலைநாட்டில் பல காணிகளில் திரும்பத் திரும்ப நடப்பவை. அவற்றை ஒரு காணிக்குள் கொண்டுவந்து, அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வைத்திருக்கிறோம்.

மாசியில் பார்த்த காணி

காணியைப் பார்த்தது மாசி மாதம். பண்டாரவளைப் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். மாசியில் நிலம் காய்ந்து, வானம் வெளுத்து, எந்தக் காணியும் நல்ல காணியாகத்தான் தெரியும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கமென்றால் இது தலைகீழ். அங்கே ஆனி, ஆடியில் போய்ப் பார்க்க வேண்டும். வாங்கப்போகும் காணியை அந்த ஊரின் மழைக்காலத்தில் ஒரு தடவையாவது, மழை விட்ட மறுநாள் காலையில் நடந்து பாருங்கள். விலையைப் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் மாசியிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டியவை மூன்று இருந்தன. பின்னெல்லைக்குப் பதினைந்தடி கீழே, சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, ஓரிடத்தில் மட்டும் சேம்பு பச்சையாக அடர்ந்து நின்றது. சரிவின் நடுவே சேம்பு நின்றால் அதன் அடியில் தண்ணீர் நடமாட்டம் உண்டு. இரண்டாவது, மேலே நின்ற இரண்டு சபுக்கு மரங்களின் அடிமரம் கீழ்ப்பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தது. ஒரு மரம் அப்படி வளைந்தால் அது மரத்தின் குணமாக இருக்கலாம். பக்கத்து மரமும் அதே பக்கம் வளைந்தால் மேல்மண் மெல்ல நகர்கிறது என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவதுதான் பெரியது. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கான் வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீரைப் பிடித்து, மெதுவாகப் பக்கத்து ஓடைக்கு இறக்கிவிடுவதற்காக வெட்டியவை. அவற்றை வருடந்தோறும் தூர் எடுப்பது தோட்டத்தில் ஒரு தனி வேலை. காணியைத் துண்டு போட்டவர்கள் மேல்வரிசைக் காணிகளுக்குப் பாதை போடும்போது அந்தக் கானை மண் போட்டு மூடிவிட்டார்கள். முன்பு பக்கவாட்டில் ஓடையில் விழுந்த தண்ணீருக்கு இப்போது போக்கிடம் இந்தக் காணிதான். சர்வேயரின் வரைபடத்தில் கான் இருக்காது. தோட்டத்தில் பழைய ஆட்களைக் கேட்டால், "இந்த எடத்துல கான் போச்சு" என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். யாரும் கேட்கவில்லை.

வெட்டு

ஆவணியில் மண் வெட்டும் இயந்திரமான பெக்கோ வந்தது. வீட்டின் ஆழம் 30 அடி, பின்னால் 4 அடி இடைவெளி, முன்னால் 6 அடி. ஆக, 40 அடி ஆழத்துக்குச் சமதளம் வேண்டும். பத்தடிக்கு மூன்றடி ஏறும் நிலத்தில் 40 அடியை முழுவதும் வெட்டியே எடுத்தால் பின்பக்கம் 12 அடிச் சுவராக மண் நிற்கும். அப்படித்தான் நின்றது, செங்குத்தாக.

வெட்டிய மண்ணையும் கணக்குப் பார்க்க வேண்டும். 40 அடி அகலத்துக்கு, பின்னால் 12 அடியும் முன்னால் பூச்சியமுமாக வெட்டினால் 9,600 கன அடி, 96 கியூப். டிப்பரில் பாதிக்கு மேல் ஏற்றிப்போன பிறகு மண்ணுக்கென்று ஒதுக்கிய காசு முடிந்துவிட்டது. மீதியை முன் சரிவில் தள்ளி, பெக்கோவின் வாளியால் தட்டிவிட்டுப் போனார்கள். அந்த மண்ணுக்குப் பிறகு வருவோம்.

ஆசிரியர் வெட்டைப் பார்த்து, "பாஸ், இது நிக்குமா?" என்று கேட்டார். "அலவாங்கு போட்டாலே இறங்குதில்ல சேர். கல்லு மாதிரி இருக்கு" என்றார் மேசன் பாஸ். ஆவணி மாதத்துக்கு அந்தப் பதில் உண்மைதான். காய்ந்த செம்மண் செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் மண்துகள்களுக்கு இடையே எஞ்சியிருக்கும் கொஞ்ச ஈரத்தின் இழுவிசை. மண் முழுக்க நனைந்ததும் அந்த இழுவிசை இல்லாமல் போகும். அதோடு மண்ணின் எடையும் கூடும். பிளவுக்குள் நின்ற தண்ணீர் பின்னாலிருந்து தள்ளவும் தொடங்கும். ஆவணியில் நின்ற அதே வெட்டு ஐப்பசியில் விழுவது இந்த மூன்றாலும்.

இந்தப் பிழையின் வேர் வீட்டுப் பிளானில் இருக்கிறது. வயதானவர்களுக்குப் படியில்லாத, ஒரே மட்டத்து வீடு வேண்டும். மலை ஒரே மட்டத்தைத் தராது. பள்ளத்து ஊர்களில் வழக்கமான சதுர வீட்டைச் சரிவில் வைத்தால் அதன் ஆழமே வெட்டின் உயரமாக மாறுகிறது. சரிவுக்குக் குறுக்கே, தோட்டத் தொழிலாளரின் லயத்தைப் போல, நீளமாகவும் ஒடுக்கமாகவும் வைத்திருந்தால் கணக்கு வேறு. 45 அடி நீளம், 22 அடி ஆழம் கொண்ட வீடு 990 சதுர அடி. பின்னால் 6 அடி, முன்னால் 4 அடி விட்டால் சமதளம் 32 அடி போதும். அதற்கு மொத்த ஏற்றம் ஒன்பதரை அடி. முன்பக்க அத்திவாரத்தைக் கருங்கல்லில் நாலரை அடி உயர்த்தினால் பின்னால் வெட்டு 5 அடியோடு நிற்கும். மண்ணும் ஏறக்குறைய 21 கியூப்தான் வரும், டிப்பரே தேவையில்லை. லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லயத்தைப் போன்ற வீடு என்றாலே மனம் ஒப்பாது. அந்த வெறுப்பு நியாயமானதுதான். ஆனால் காற்றும் மறைவும் இல்லாத பத்தடிக் காம்பராக்களைத்தான் வெறுக்க வேண்டும். மலையின் மட்டத்தோடு ஓடும் அந்த நீளக் கட்டடத்தில் பிழையில்லை.

சரிந்த இரவு

ஐப்பசி நடுவில் சுவர்கள் ஜன்னல் மட்டத்தில் நின்றன. மாலையில் இடிமழை தொடங்கி ஒரு கிழமை விட்டுவிட்டுப் பெய்தது. முதல் அடையாளம் வெட்டின் மேல் விளிம்புக்கு மூன்றடி பின்னே, விளிம்புக்குச் சமாந்தரமாக ஓடிய ஒரு பிளவு. விரல் நுழையும் அகலம். இரண்டாவது, வெட்டின் முகத்தில் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், செம்மண் முடிந்து மஞ்சள் நிற உக்கல் கல் தொடங்கும் கோட்டில் வரிசையாகக் கசிவு. தண்ணீர் கலங்கலாக வந்தது. தெளிந்த கசிவு தண்ணீரை மட்டும் கொண்டுவருகிறது. கலங்கிய கசிவு உள்ளிருந்து மண்ணையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அதைக் கண்டதும் அடியில் வேலை செய்பவர்களை விலக்க வேண்டும்.

மறுநாள் இரவு 20 அடி நீளத்துக்கு வெட்டு இறங்கியது. உயரம் ஒன்பதடி, சராசரித் தடிப்பு மூன்றடி. ஏறக்குறைய ஐந்தரைக் கியூப் நனைந்த மண், எடை 25 தொன்னுக்கு மேல். நாலடி இடைவெளியை நிரப்பிச் சமையலறைச் சுவரைத் தள்ளி உள்ளே வந்தது. வீட்டில் ஆள் குடியிருக்கவில்லை. இருந்திருந்தால், மலைநாட்டில் அந்த நேரத்தில் அடுப்படியில் யார் நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இதை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று நடந்ததோடு ஒன்றாகப் பார்க்கக் கூடாது. அது மலைச்சரிவே பெயர்ந்து வந்த மண்சரிவு. வீட்டுக்காரர் தனியாகக் கட்டும் எந்தச் சுவரும் அதை நிறுத்தாது, அப்படிப்பட்ட இடத்தில் கட்டாமல் இருப்பதுதான் வழி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையின்போதும் மலைநாடு அந்த வகைச் சரிவுகளைக் கண்டது. இங்கே நடந்தது வெட்டுச் சரிவு. இதை உண்டாக்கியது மனிதக் கை, ஆகவே தடுக்கவும் முடியும். இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியவர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் புவியியலாளர். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் அந்த நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுவது இதற்காகத்தான். இந்தக் குடும்பமும் அறிக்கை எடுத்திருந்தது. ஆனால் அதில் வெட்டின் உயரம் பற்றியும் வடிகால் பற்றியும் இருந்த நிபந்தனைகளைப் படித்தவர் யாரும் இல்லை. பிளான் வரைந்தவர் அதைக் கோப்பில் சேர்த்து அனுமதியை வாங்கிக் கொடுத்துவிட்டார். பாஸின் கைக்கு அது போகவேயில்லை. அனுமதி எடுப்பதற்கான காகிதமாக அல்லாமல் பாஸுக்குக் கொடுக்கும் வேலைக்குறிப்பாக அந்த அறிக்கையைப் பாருங்கள்.

திருத்தம்

மழை முடியும்வரை மண்ணைத் தொடக் கூடாது. சரிந்த மண்ணை உடனே அள்ளினால் மேலே தொங்கும் மீதிக்கு அடியில் இருக்கும் முட்டு போய்விடும். மார்கழி முடியும்வரை செய்தது இரண்டு காரியம்தான். மேல் விளிம்பிலும் பிளவிலும் தடித்த பொலித்தீன் விரித்து, ஓரங்களை மண் மூட்டைகளால் அழுத்தினார்கள். அதற்கு மேலே ஒரு தற்காலிகக் கான் வெட்டி, வரும் தண்ணீரைப் பக்கத்துக்குத் திருப்பினார்கள்.

தை கழிந்ததும் வீட்டின் பிளான் மாறியது. பின்பக்க எட்டடி முழுவதும் கைவிடப்பட்டு, சமையலறை பத்தடி அகலத்தில் பக்கவாட்டுக்குப் போனது. வீடு 45 அடிக்கு 22 ஆனது. முதலிலேயே வந்திருக்க வேண்டிய வடிவம், ஓர் அத்திவாரத்தைக் கட்டி உடைத்த பிறகு வந்தது. பின்சுவருக்கும் வெட்டுக்கும் இடைவெளி 4 அடியிலிருந்து 12 அடியானது. வெட்டின் உயரத்துக்குக் குறையாத இடைவெளி என்பது நினைவில் வைக்க இலகுவான அளவு. அது கிடைக்காவிட்டால் வெட்டைக் குறையுங்கள்.

பன்னிரண்டடி வெட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கீழே ஆறடிக்குக் கருங்கல் தாங்குசுவர். அதற்கு மேலே, ஓரடி உயரத்துக்கு ஓரடி பின்வாங்கும் சாய்வு. சுவரின் தடிப்பு மண்பக்கமாக எடுக்கப்பட்டதால் 12 அடி இடைவெளி அப்படியே மிஞ்சியது. மேல் விளிம்பு பதினான்கு அடி பின்னே போனது.

சுவர் 50 அடி நீளம். அடித்தடிப்பு மூன்றரை அடி, மேல்தடிப்பு ஒன்றரை அடி. நிலத்துக்குள் ஒன்றரை அடி ஆழத்துக்கு நாலடி அகல அத்திவாரம். மொத்தக் கட்டு 1,050 கன அடி. இதற்குக் கருங்கல் 12 கியூப், 1:5 கலவைக்குச் சீமெந்து ஏறக்குறைய 60 மூட்டை, மணல் நாலு கியூபுக்குச் சற்றுக் குறைவு. அடித்தடிப்பு உயரத்தின் பாதிக்குக் கீழே போனால் அது வெறும் மதில். மண்ணின் தள்ளலுக்கு நிற்காது. இந்த அளவுகள் ஆறடிச் சுவருக்கு மட்டுமே. அதைவிட உயர்ந்தாலோ, சுவருக்கு மேலே வாகனம் போகும் பாதை இருந்தாலோ பொறியியலாளரின் வரைபடம் இல்லாமல் கல் வைக்க வேண்டாம்.

அத்திவாரத்தை 50 அடிக்கும் ஒரேயடியாகத் தோண்டாமல், பத்தடி தோண்டிக் கட்டி, பத்தடி விட்டு அடுத்த பத்தடி என்று போனார்கள். வேலை இழுபடும், பாஸ் முணுமுணுப்பார். ஆனால் வெட்டின் காலை முழு நீளத்துக்கும் ஒரே நாளில் திறந்துவிடுவது இன்னொரு சரிவுக்கு நாள் குறிப்பது.

சுவருக்குப் பின்னால் ஓரடித் தடிப்புக்கு ஒன்றரை அங்குலச் சல்லி, மூன்று கியூப். மண்ணுக்கும் சல்லிக்கும் இடையே வடிதுணி. சுவருக்குள் மூன்று அங்குலக் குழாய்த் துண்டுகள், ஐந்தடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை, மொத்தம் 20. கீழ்வரிசை தரையிலிருந்து ஓரடியில். எல்லாம் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். வேலை முடிந்து பார்த்தபோது இருபதில் ஏழு துளைகளில் சீமெந்து மூட்டைக் கடதாசி உருட்டி அடைத்திருந்தது. கட்டும்போது கலவை உள்ளே போகாமலிருக்க வைத்து, எடுக்க மறந்தது. வெளியே பார்த்தால் துளை இருக்கிறது, உள்ளே அடைப்பு. மண்ணிலிருந்து வரும் தண்ணீருக்கு வழியில்லாத தாங்குசுவர், தண்ணீர்த் தொட்டியின் ஒரு பக்கச் சுவராகிவிடும். ஒவ்வொரு துளையிலும் நாலடிக் கம்பியை விட்டுச் சல்லியில் முட்டும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பாஸுக்கு அந்த வேலைக்கான காசு கொடுக்க வேண்டும்.

சுவரைவிட முக்கியமானது மேல் விளிம்புக்கு ஆறடி பின்னே ஓடும் கான். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், கொங்கிறீட் போட்டது. நூறடிக்கு ஓரடி முதல் இரண்டடி வரை பக்கத்துக்குச் சரிவு. மேலேயிருந்து அரை ஏக்கர் தண்ணீர் இந்தக் காணியை நோக்கி வருகிறது என்று வையுங்கள். மணிக்கு 75 மில்லிமீற்றர் மழையில், பாதி மண்ணுக்குள் இறங்கினாலும், மீதி விநாடிக்கு இருபது லீற்றருக்கு மேல். இந்தக் கான் பாதி நிறைந்தாலே அதைவிடப் பல மடங்கு தாங்கும். பிறகு ஏன் இவ்வளவு பெரிது என்றால், மழைநாளில் கானுக்குள் தண்ணீர் மட்டும் வராது. டர்பன்டைன் மரத்து இலை, மண், யாரோ வீசிய பொலித்தீன் பை எல்லாம் வரும். ஒடுக்கமான கானுக்குள் மண்வெட்டியும் இறங்காது. பக்க எல்லையில் படிப்படியாக இறங்கும் கானில் மூன்று இடங்களில் மண்தொட்டி வைத்து, கடைசியில் வீதியோர வடிகாலில் விடப்பட்டது. கொங்கிறீட் போடாத கான் வெட்டுக்கு மேலே இருப்பதைவிட இல்லாமலிருப்பது நல்லது. அது தண்ணீரைச் சேர்த்து, பிளவுக்குள் ஊட்டும்.

சாய்வில் வெட்டிவேர். வரிசைக்கு வரிசை மூன்றடி, நாற்றுக்கு நாற்று ஆறு அங்குலம். மழை தொடங்கிய முதல் கிழமையில் நட்டால் பிடிக்கும். இடைவெளியில் மானாப்புல். வாழை, மரவள்ளி வேண்டாம். கிழங்கு தோண்டும் ஒவ்வொரு தடவையும் சாய்வு கிளறப்படும், வாழைக்கு அடியில் ஈரம் தங்கும்.

முன்பக்கத்து மண்

முன் சரிவில் தள்ளிய மண்ணின் மேல் இஸ்தோப்புத் தூண்கள் இரண்டு நின்றன, இரண்டடி ஆழ அத்திவாரத்தில். ஒரே மழைக்காலத்தில் ஒரு தூண் முக்கால் அங்குலம் இறங்கி, வளை சாய்ந்து, தரையில் மூலைவிட்டமாகப் பிளவு விட்டது. தூணை உடைத்து, கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கை நிலம் தட்டுப்படும் வரை, ஐந்தடிக்கு மேல், தோண்டிப் புது அத்திவாரம் போட்டார்கள். கொட்டிய மண் எங்கே முடிகிறது என்பதைக் குழிக்குள் பார்த்தால் தெரியும். பழைய மேல்மண் கறுப்பு நாடாவாக, புல்வேரோடு, குறுக்கே ஓடும். அதற்குக் கீழே இறங்கியாக வேண்டும்.

மலசலகூடத்துத் தண்ணீரையும் இந்த மண்ணுக்குள் விட நினைத்திருந்தார்கள். தளர்ந்த மண்ணில் உறிஞ்சுகுழி வைத்தால் அந்த மண்ணை உள்ளிருந்தே நனைப்பதாகும். தொட்டி வீட்டின் பக்கவாட்டில் இயற்கை நிலத்தில் வைக்கப்பட்டது. வழியும் நீர், சரிவுக்குக் குறுக்கே மட்டமாக வெட்டிய சல்லிக் குழியில் பரவிப்போகிறது. அயலவர் குடிக்கும் பீலி கீழே இருந்தால் ஐம்பதடிக்குக் குறையாத தூரம் பாருங்கள். மலையில் தூரத்தைவிடத் திசை முக்கியம், பீலிக்கு நேர்மேலே குழி வரக் கூடாது.

ஒன்பது படி

வீதிக்கும் வீட்டு மட்டத்துக்கும் ஆறடி வித்தியாசம். முதலில் கட்டியது எட்டங்குல உயரத்தில் ஒன்பது படி, ஒரு பக்கம் மட்டும் கைபிடி, மேலே வழுவழுவென்று சீமெந்துப் பூச்சு. இரண்டாம் மாதம் பாசி பிடித்தது. அறுபத்தொரு வயதில் ஏறக்கூடிய படிதான். இந்த வீடு எண்பத்தொரு வயதுக்கும் கட்டப்படுகிறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வீதி வரை வரும். வீதியிலிருந்து கட்டில் வரை ஒருவரைத் தூக்கிப்போவது வீட்டாரின் அல்லது அயலவரின் தோள்.

ஆறடி ஏற்றத்துக்கு, பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற சாய்வில், 72 அடிச் சரிவுப்பாதை வேண்டும். அறுபதடி முகப்பில் அது ஒரே நேராக அடங்காது. முப்பத்தாறடி போய், ஐந்தடிச் சதுர மேடையில் திரும்பி, மறுபடி முப்பத்தாறடி. அகலம் நாலடி, இரண்டு பக்கமும் மூன்றடி உயரக் கைபிடி. கொங்கிறீட் இறுகுமுன் ஈர்க்கில் விளக்குமாறால் குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும். பூச்சு வேண்டாம். நடப்பவர்களுக்குப் பக்கத்தில் படியும் இருக்கட்டும், ஆனால் ஆறங்குல உயரம், பன்னிரண்டங்குல மிதி, பன்னிரண்டு படி. இஸ்தோப்பு வாசலில் நிலைப்படி உயர்த்தாமல் தரைமட்டமாக விட்டார்கள். மழைச்சாரல் வராமலிருக்க வாசலுக்கு முன் தரையில் சல்லடை மூடிய ஒரு சிறு கான்.

குளியலறை

ஏழடிக்கு ஏழடி. படுக்கையிலிருந்து பன்னிரண்டு அடிக்குள். கதவு மூன்றடி, வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் கதவையே உடைக்க வேண்டிவரும். கொமட் இருக்கை பதினெட்டங்குலம். பிடிகம்பி முதல் தடவையே கையோடு வந்துவிட்டது. காரணம், உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் பிளாஸ்டிக் செருகி போட்டு முடுக்கியது. பிடிகம்பி வரும் இடங்களைப் பூசுவதற்கு முன்பே குறித்து, அந்தக் கற்களின் பொள்ளலை 1:2:4 கொங்கிறீட்டால் நிரப்பிவிட வேண்டும். சுடுநீர்க் கருவிக்குத் தனி மின்சுற்று, நல்ல நிலத்தொடுப்பு, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்.

குளிருக்குக் கரிச்சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவடைப்பது மலைநாட்டில் இன்னும் உள்ள பழக்கம். எரியும் கரியின் நச்சுவாயுவுக்கு மணமில்லை. இந்த வீட்டில் ஒவ்வோர் அறையிலும் கூரைமட்டத்துக்கு அருகே மூட முடியாத காற்றுத்துளை விடப்பட்டது. அதற்கும் மேலாக, அறைக்குள் கரிச்சட்டியே வேண்டாமென்று முடிவானது.

சுவரும் கூரையும்

சுவர் ஆறங்குலக் கல். பதினாறுக்கு எட்டு அங்குலக் கல்லென்றால் நூறு சதுர அடிக்கு 112 வேண்டும், உடைவுக்கு ஐந்து கூட்டிக்கொள்ளலாம். நாலங்குலக் கல் மலிவு, ஆனால் காற்றோடு மழை அடிக்கும் பக்கத்தில் ஈரம் மறுபக்கம் வந்து பூஞ்சை பிடிக்கும். அந்தப் பக்கத்தில் கூரையை மூன்றடி வெளியே நீட்டினார்கள். அத்திவாரத்தின் மேலும் ஜன்னல்களின் மேலும் வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஓடும் கொங்கிறீட் வளை, நாலு 12 மில்லிமீற்றர் கம்பி, ஆறங்குலத்துக்கு ஒரு 6 மில்லிமீற்றர் வளையம்.

தகடு போட்ட கூரையில் விடியற்காலையில் உட்பக்கம் வியர்த்துச் சொட்டும். தகட்டுக்கு அடியில் காப்புப் படலம் விரித்து, அதற்கும் சீலிங்குக்கும் இடையே காற்றோட்டம் விட்டால் நிற்கும். 1,400 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆறாயிரத்து ஐந்நூறு லீற்றர். பீலித்தகடு இல்லாத வீடுகளில் இதில் பாதி வீட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே விழுகிறது. இங்கே பின்பக்கத் தண்ணீரும் குழாய்வழி முன்னுக்கு வந்து, இரண்டாயிரம் லீற்றர்த் தொட்டி நிறைந்து, மீதி வீதி வடிகாலுக்குப் போகிறது.

சீமெந்தை இரண்டு கிழமைத் தேவைக்கு மேல் வாங்கிவைக்க வேண்டாம். மூடுபனியில் மூட்டைக்குள்ளேயே கட்டிபடும். பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல்.

காசும் காகிதமும்

ஓய்வுபெறும்போது ஒரே தடவையில் கையில் வரும் பணம் அவசரத்தை உண்டாக்கும். ஊழியர் சேமலாப நிதி பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். எடுத்த கையோடு அத்திவாரம் போடத் தேவையில்லை. காணி வாங்கிய பிறகு ஒரு முழு மழைக்காலம் காத்திருப்பதே மலிவான மண்பரிசோதனை. பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை வீட்டுக்கு வெளியே வரும் வேலைகளுக்கென்று, அதாவது கான், சுவர், பாதை ஆகியவற்றுக்கு, முதலிலேயே பிரித்து வையுங்கள். தரை ஓட்டுக்குப் பிறகு மிஞ்சுவதில் கான் வெட்டலாம் என்றால் மிஞ்சாது.

உறுதியை நொத்தாரிசிடம் கொடுத்துக் காணிப் பதிவகத்தில் தேடும்போது, காணி தனியாருடையதா, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா என்பதை முதலில் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. பாதை உரிமை வரைபடத்தில் கீறப்பட்டிருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. அதேபோல் மேல்காணித் தண்ணீர் எந்த எல்லையால் இறங்கும் என்பதையும் எழுத்தில் வாங்குவது நல்லது.

இப்போது

புரட்டாதி கடைசியில் கான் மூன்றையும் தூர் எடுப்பது, இருபது துளையிலும் கம்பி விட்டுப் பார்ப்பது, மேல் விளிம்பில் பிளவு உண்டா என்று நடந்து பார்ப்பது என்று ஒரு நாள் வேலை வருடத்துக்கு வருகிறது. முற்றத்தில் நேர்ச்சுவருள்ள ஒரு டப்பா மழைமானியாக நிற்கிறது. இருபத்துநாலு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் பின்பக்கம் போய்ப் பார்ப்பார்கள், 100 தாண்டினால் முன்னறையில் படுப்பார்கள், 150 என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே உறவினர் வீட்டுக்கு. எச்சரிக்கைச் செய்தி வந்தால் டப்பாவைப் பார்க்கக் காத்திருப்பதில்லை.

மூடிய பழைய கான் இன்னும் திறக்கப்படவில்லை. அதன்மேல் இப்போது மேல்காணிக்காரரின் வாகனப் பாதை. பாதைக்கு அடியில் ஒன்பதங்குலக் குழாய் போட்டுத் தண்ணீரைப் பழையபடி ஓடைக்கு விடலாம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். குழாய்க்கு யார் காசு கொடுப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.